கம்பிக்குப் பதிலாக ஒரு பெட்டி

போன ஆடியில் அண்ணாச்சி இறந்தபோது பேப்பரில் அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தார்கள். மேடையில் கையை உயர்த்திப் பேசும் படம், ஜெயிலிலிருந்து மாலையோடு வெளியே வரும் படம், ஏதோ பாலத்துக்கு அடிக்கல் நாட்டும் படம். எந்தெந்த ஊருக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்தார், சட்டசபையில் யாரை எப்படி மடக்கினார் என்றெல்லாம் எழுதியிருந்தது. தன் வீட்டுப் பின்கட்டில், முன்பு மாடு கட்டியிருந்த கொட்டகையில், அவர் வாழ்நாளில் பாதியைக் கழித்தார் என்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. கட்சிக்காரர்களிலேயே பலருக்கு அது தெரியாது. தெரிந்தவர்களும் பெரிய மனிதருக்கு இருக்கும் ஒரு கிறுக்கு என்று விட்டுவிட்டார்கள்.

எனக்கு அந்தக் கொட்டகை நன்றாகத் தெரியும். ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக அங்கே வேலை பார்த்திருக்கிறேன். நான் அங்கே போய்ச் சேர்ந்ததைச் சொல்ல வேண்டுமென்றால், என் வீட்டுக்காரர் செத்ததிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்களுக்குக் களக்காட்டுப் பக்கம். வயலில் நின்று நிமிர்ந்தால் மலை முகத்துக்கு நேரே நிற்கும். ஊரில் முக்கால்வாசி வாழைதான், அதிலும் ஏத்தன் ரகம். என் வீட்டுக்காரர் ஒரு துண்டு நிலத்தைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, பிடித்து வாழை வைத்திருந்தார். நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, கல்யாணத்துக்கு முன்னால் ஒரு டிவி, செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தவள். மகள் பிறந்ததும் நிறுத்திவிட்டேன்.

வாழை வைத்தவனுக்குக் காற்றுக்கும் பயம், பன்றிக்கும் பயம். காற்று அடிக்கும் மாதம் தெரியும். கம்பு ஊன்றிக் கட்டிவிடலாம். காட்டுப்பன்றிக்கு மாதம் கிடையாது. மலையிலிருந்து கூட்டமாக இறங்கிக் கிழங்கைத் தோண்டித் தின்னும். தின்றது கொஞ்சம், சாய்த்துப் போட்டது நிறைய என்று கிடக்கும். அதைக் கொல்லச் சட்டம் விடாது. நஷ்ட ஈட்டுக்கு எழுதிப் போட்டால், ஆள் வந்து பார்ப்பதற்குள் அடுத்த வாழை குலை தள்ளியிருக்கும். அதனால் பல பேர் மோட்டார் ரூமிலிருந்து நேராகக் கரண்டை இழுத்து, வயலைச் சுற்றி முழங்காலுக்குக் கீழே ஒற்றைக் கம்பி கட்டினார்கள். இருட்டியதும் போடுவார்கள், விடிந்ததும் அணைப்பார்கள். ஊரில் எல்லாருக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

என் வீட்டுக்காரரும் ஒருநாள் கேட்டார்.

"நாமளும் ஒரு கம்பி கட்டுனா என்ன? இப்படியே போனா ஒரு தாரு மிஞ்சாது."

"வேண்டாம். பன்னி மட்டுமா அந்த வழியா வருது? நான் படிச்ச படிப்புல எனக்கு நல்லாத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்," என்றேன்.

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. தகர டப்பாவும் டார்ச்சுமாகக் காவலுக்குப் போனார். வீட்டில் படுத்திருக்கும்போது, அவர் டப்பாவைத் தட்டிக்கொண்டு கத்துவது எனக்குக் கேட்கும்.

அவர் செத்தது தை மாதம். அன்று எங்கள் வயலுக்குத் தண்ணீர் முறை. விடிவதற்கு முன்னால் மடை திறக்கக் கிளம்பினார். வழக்கமாகப் போகும் வரப்பு முந்தின நாள் மழையில் கரைந்து சேறாகக் கிடந்தது. அதனால் பக்கத்து வயல் வழியாகக் குறுக்கே போயிருக்கிறார். அந்த வயல்காரர் ஊரில் பெரிய கை. அண்ணாச்சியின் கட்சிக்கு எங்கள் பக்கத்தில் எல்லாமே அவர்தான். ஓட்டுப் போட ஆள் கூட்டுவது, கொடி கட்டுவது, அண்ணாச்சி வந்தால் பக்கத்தில் நிற்பது எல்லாம் அவர்.

எனக்குச் செய்தி சொல்ல வந்தவன் என் வீட்டுக்காரருடைய கூட்டாளி. அடுத்த துண்டைப் பாட்டத்துக்குப் பிடித்திருந்தவன். "மயினி, அண்ணன் கால்வாக்கரைல விழுந்து கிடக்காரு" என்று மட்டும் சொன்னான். நான் ஓடிப் போனபோது கால்வாய்க் கரையில், புல்லின் மேல், மல்லாக்கக் கிடத்தியிருந்தார்கள். இடுப்பில் கட்டியிருந்த சாரம் சேறாக இருந்தது. கரையில் சேறு இல்லை. இடது கால் முழங்காலுக்குக் கீழே பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு.

வயல்காரர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"நெஞ்சு வலி மாதிரித் தெரியுது. வயசு சின்ன வயசு. என்ன செய்ய," என்றார்.

நான் எழுந்து அவருடைய வயலைப் பார்த்தேன். ஓரம் நெடுக, ஈர மண்ணில், குச்சி பிடுங்கிய குழிகள் வரிசையாக இருந்தன. சிலதில் அப்போதுதான் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

"கம்பி எங்க?" என்று கேட்டேன். கூட்டாளி குனிந்து என் வீட்டுக்காரருடைய செருப்பைத் தேடுவது போலத் தேடிக்கொண்டிருந்தான். திரும்பவும் கேட்டேன். பெண்கள் என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

பிரேதப் பரிசோதனையில் கரண்டு தாக்கித்தான் செத்தார் என்று வந்துவிட்டது. ஆகவே வழக்குப் பதிந்தார்கள். ஆனால் எந்தக் கம்பி, யார் கட்டினது என்பதற்குத் தடயம் ஒன்றும் இல்லை. கம்பியே இல்லை.

காரியத்துக்கு முன்னால் அண்ணாச்சி துக்கம் கேட்க வந்தார். இரண்டு மூன்று வண்டி, வெள்ளை வேட்டிக் கூட்டம். வயல்காரரும் அந்தக் கூட்டத்தில் அவருக்குப் பின்னால் நின்றார். அண்ணாச்சி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அரசாங்கத்திலிருந்து உதவி வாங்கித் தருவதாகச் சொன்னார். மகள் படிப்பைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். எல்லாச் சாவு வீட்டிலும் சொல்வது. பிறகு எழுந்திருக்கப் போனவர் திரும்ப உட்கார்ந்தார்.

"எம்மா, கம்பி எந்த உயரத்துல இருந்திருக்கும்?"

வெள்ளை வேட்டிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் எழுந்து வந்து, என் சேலையைக் கொஞ்சம் தூக்கி, என் காலிலேயே காட்டினேன். அவர் அந்த இடத்தையே வெகுநேரம் பார்த்தார். வயல்காரர் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் அண்ணாச்சி திரும்ப வந்தார். இந்தத் தடவை டிரைவரைத் தவிர யாரும் இல்லை. கட்டம் போட்ட சாரம், கையில் எண்ணெய்க் கறை பட்ட பழைய சட்டை. முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. வயலைக் காட்டச் சொன்னார். கூட்டிப்போனேன். வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்து பன்றியின் கால்தடத்தை விரலால் அளந்தார். எந்தப் பக்கமாக இறங்கும், மழை நாளில் வருமா, நாய் குரைத்தால் ஓடுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வழக்குக்கு ஏதோ ஓட்டை தேடுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். வேண்டுமென்றே அந்தக் குழிகள் இருந்த இடத்தில் போய் நின்றேன். மண் அதற்குள் தூர்ந்திருந்தது.

"நீ எலக்ட்ரானிக்ஸ் படிச்சவளாமே," என்றார். டிரைவரிடம் சொல்லி வண்டியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை எடுத்து வரச் சொன்னார். மூடியைத் திறந்து என்னிடம் நீட்டினார். உள்ளே ஒரு பேட்டரி, ஸ்பீக்கர், பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய பலகை, தாறுமாறாக வயர். ஈயம் திட்டுத்திட்டாக வழிந்திருந்தது.

"முன்னால எதாவது நடமாடுனா லைட்டு மின்னணும், சத்தம் போடணும். பன்னி பயந்து திரும்பிரணும். கம்பியே வேண்டாம். நாலஞ்சு வருசமா இதைத்தான் நோண்டிக்கிட்டு இருக்கேன். இப்ப எனக்குக் கை நடுங்குது. ஈயம் பத்தவைக்க முடியல. நீ வாரியா?"

நான் அந்தப் பலகையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரே சொன்னார்.

"சம்பளம் தாரேன். சும்மா இல்ல."

போகக் கூடாது என்றுதான் என் அண்ணன் சொன்னான். "அவன் ஆளுதான் உன் புருசனக் கொன்னது. அவன் வீட்டுல போயி வேல பாக்கப் போறியா?" என்று கேட்டான். சம்பளம் எனக்கு வேண்டியிருந்தது என்பது உண்மை. ஆனால் நான் போனதற்கு அது மட்டும் காரணம் இல்லை. அந்த மனிதர் ஒரு வார்த்தை சொன்னால் ஊரில் வாய் திறக்கும். அந்த வார்த்தையைக் கேட்க வேண்டுமானால் அவருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

சேரன்மகாதேவி போகும் சாலையில் அண்ணாச்சி வீடு. முன்னறையில் எப்போதும் பத்துப் பேர் மனுவோடு காத்திருப்பார்கள். அவர் அவர்களைப் பார்த்து முடித்து, வேட்டியை அவிழ்த்துச் சாரத்தைக் கட்டிக்கொண்டு பின்பக்கம் வந்தால், அப்புறம் யார் கூப்பிட்டாலும் காது கேட்காது. கொட்டகையில் டிரில்லிங் மெஷின், பட்டறைப் பிடிப்பான், சுவர் முழுக்கச் சாமான்கள். அவர் செய்து பார்த்தவை எல்லாம் மூலையில் கிடந்தன. சைக்கிள் சக்கரத்தை வைத்து நெல் விதைக்கும் வண்டி ஒன்று. அது நேராகப் போகும், திரும்பாது. பனை ஏறுவதற்கு ஒரு கருவி. திசையன்விளைப் பக்கம் கொண்டுபோய்க் கொடுத்ததில், ஏறியவர் பாதியில் மாட்டிக்கொண்டு இறங்க முடியாமல் நின்றாராம். கிணற்றில் தண்ணீர் குறைந்தால் தானாக மோட்டாரை அணைக்கும் மிதவை. தார் சுமக்கிறவர்கள் வரப்பில் ஒற்றைச் சக்கரத்தில் தள்ளிப்போக ஒரு தள்ளுவண்டி. அந்த வண்டி உண்மையிலேயே நன்றாக இருந்தது. எங்கள் ஊரில் பெண்கள் அதை வைத்திருந்தார்கள், அது யார் செய்தது என்று தெரியாமலே.

அவருடைய மனைவி காப்பி கொண்டுவந்து வாசலிலேயே வைத்துவிட்டுப் போவார். ஒருநாள் அவரைப் பற்றி என்னிடம் சொன்னார்: "பாலிடெக்னிக்குல சேந்தாவ. போராட்டம்னு போயி, ஜெயிலுக்குப் போயி, படிப்பு போச்சு. அதை இங்கன உக்காந்து படிச்சு முடிக்காவ."

நான் பத்தவைத்தேன். அவர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பார்ப்பார். மேடையில் அத்தனை சத்தமாகப் பேசுகிறவர் அங்கே பேசவே மாட்டார். பல்பு எரிந்தால் தொடையில் தட்டிக்கொள்வார். எரியாவிட்டால், "விடு, நாளைக்குப் பாப்போம்" என்பார். மகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லாத நாளில் அவளையும் கூட்டிப்போவேன். அவளுக்கு ஒரு சின்னக் காற்றாடி செய்து கொடுத்தார். அந்த மாதங்களில் எனக்கு அவர் மேல் ஒரு பிரியம் வந்தது. அதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை. என் வீட்டுக்காரர் செத்த பிறகு, அவர் எப்படிச் செத்தார் என்பதை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்டிய ஒரே ஆள் அண்ணாச்சிதான்.

வழக்கைப் பற்றி முதலில் இரண்டு தடவை கேட்டேன். "பாத்துக்கிடலாம்மா" என்றார்.

எந்தச் சத்தத்துக்குப் பன்றி பயப்படும் என்பதுதான் கஷ்டமாக இருந்தது. நாய் குரைப்பைப் பதிந்து வைத்தோம். சில நாளில் பன்றி அதைக் கண்டுகொள்ளவில்லை. வெடிச் சத்தத்துக்கு முதல் நாள் ஓடியது, மறுநாள் வந்தது. ஆள் சத்தம்தான் கொஞ்ச நாள் தாங்கியது. யாருடைய சத்தத்தைப் பதிவது என்று யோசித்தபோது, அவர் என் போனை வாங்கிக் கொட்டகைக்கு வெளியே போய்த் தென்னையடியில் நின்றுகொண்டு, மேடைத் தொண்டையில், "ஏய்... ஓடு... ஓடுதியா இல்லையா" என்று கத்தினார். முன்னறையில் இருந்தவர்கள் என்னமோ ஏதோ என்று பின்பக்கம் ஓடி வந்துவிட்டார்கள்.

அந்தக் குரலோடு பெட்டிகள் வயலுக்குப் போயின. முதல் பெட்டியைத் தன் வயலில் வைத்தவர் அந்த வயல்காரர்தான். அண்ணாச்சி கேட்டு அவர் மறுப்பாரா? மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். நான் தள்ளி நின்றேன். மற்றவர்களும் கேட்டார்கள். வாழைக்கு நடுவிலிருந்து அண்ணாச்சி கத்துவதைக் கேட்டு ஊர் சிரித்தது. ஆனால் இரண்டு மாதத்துக்குப் பன்றி அவ்வளவாக இறங்கவில்லை. இரண்டு பேர் என் கண் முன்னாலேயே கம்பியைச் சுருட்டி எடுத்தார்கள். இனி ஒரு பொம்பிளை என்னைப் போல ஓட வேண்டாம் என்று நினைத்தேன். அண்ணாச்சியிடம் வந்து சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கொஞ்ச நாளில் ஒவ்வொரு பெட்டியாகப் பேட்டரி பார்க்க நான் போக வேண்டியிருந்தது. வயல்காரருடைய பெட்டியைப் பார்க்கப் போனேன். அவர் ஊரில் இல்லை. பெட்டியின் மேல் படிந்திருந்த தூசியைத் துடைத்துவிட்டு, சார்ஜ் ஏற்ற இடம் தேடி மோட்டார் ரூமுக்குள் போனேன். சுவரோரம் கம்பிச் சுருள் கிடந்தது. ஒரு முனை ஸ்விட்சுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. மறுமுனை ஜன்னல் வழியாக வெளியே போயிருந்தது. வெளியே வந்து பார்த்தேன். வாழைச் சருகுக்குள் மறைத்து, குச்சி ஊன்றி, அதே உயரத்தில் கம்பி கட்டியிருந்தது. பெட்டியும் இருந்தது, கம்பியும் இருந்தது.

நேரே பஸ் ஏறிக் கொட்டகைக்குப் போனேன். அண்ணாச்சி தனியாக இருந்தார். பார்த்ததைச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். போனை எடுத்து வயல்காரரைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கையிலிருந்த திருப்புளியை மேஜையில் வைத்தார்.

"அவன் அப்படித்தான்," என்றார்.

"அப்போ உங்களுக்குத் தெரியுமா?"

முன்னறையில் யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள்.

"எம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்குக் காலைல அவன் முதல்ல எனக்குத்தான் போன் பண்ணுனான். அண்ணாச்சி, கம்பில ஒருத்தன் அடிபட்டுக் கிடக்கான், என்ன செய்யன்னு கேட்டான். நான் கரண்ட நிப்பாட்டுன்னு சொன்னேன். ஆம்புலன்சுக்குச் சொல்லுன்னு சொன்னேன்."

"கம்பிய எடுன்னு சொன்னீங்களா?"

"சொல்லல."

"எடுக்காதன்னு சொன்னீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மேஜையைப் பார்த்தார்.

"அதுவும் சொல்லல. அண்ணாச்சி, மத்ததை நான் பாத்துக்கிடுதேன்னான். சரின்னுட்டேன்."

நான் நின்றுகொண்டே இருந்தேன். என்னால் அழவும் முடியவில்லை.

"இதைக் கோர்ட்டுல வந்து சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம். கம்பில அடிபட்டான்னு அவன் உங்ககிட்ட சொன்னதை மட்டும் வந்து சொல்லுங்க," என்றேன்.

"எலெக்சன் வருதும்மா. அவன் இல்லாம உங்க பக்கம் எனக்கு ஒரு பூத்துல ஆள் நிக்காது. நான் ஜெயிச்சு வந்தாத்தான் இந்தப் பெட்டிய அரசாங்கத் திட்டமாக் கொண்டுவர முடியும். மாவட்டம் பூராவும் கம்பிய எடுத்துரலாம். எத்தன உயிரு பிழைக்கும், யோசிச்சுப் பாரு."

அவர் அதை நம்பித்தான் சொன்னார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

"எங்க வீட்டுக்காரவ செத்துட்டாவளே, அண்ணாச்சி," என்றேன்.

அவர் திருப்புளியைத் திரும்பக் கையில் எடுத்தார். அதை வைத்து என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு திருகைக் கழற்றி, அதையே மறுபடி மாட்டினார். அவர் சூடேற்றி வைத்திருந்த ஈயக்கோலை அணைத்துவிட்டு நான் வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு வேலைக்குப் போகவில்லை.

மோட்டார் ரூமில் நான் பார்த்த கம்பியைப் பற்றிப் போலீசில் சொன்னேன். அவர்கள் போய்ப் பார்த்தபோது அங்கே கம்பி இல்லை. எனக்கு அது ஆச்சரியமாகவும் இல்லை.

வழக்கு விசாரணைக்கு வந்தபோது கூட்டாளிதான் முக்கியமான சாட்சி. போலீஸ் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தபோது அவன் கம்பியைப் பார்த்ததாகத்தான் சொல்லியிருந்தான். கோர்ட்டில் கூண்டில் ஏறி, "நான் போனப்ப அவரு கரைல கிடந்தாரு. கம்பி எதுவும் பாக்கல" என்றான். வக்கீல் எப்படிக் கேட்டும் அதையே சொன்னான். இறங்கி வரும்போது என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். நின்று, "மயினி, எனக்கும் அங்கனதான் வயலு இருக்கு. நான் அங்கன பொழைக்கணும்லா" என்றான். அவன் மேல் கோபம் வரவில்லை. அவனுக்கும் இரண்டு பிள்ளைகள்.

வயல்காரர் விடுதலையானார். வெளியே வெடி போட்டார்கள். மகளை நான் அன்று கூட்டிப்போகாதது நல்லதாயிற்று.

தேர்தலில் அண்ணாச்சி தோற்றார். வயல்காரர் கடைசி வாரத்தில் மற்றக் கட்சிக்குப் போய்விட்டார் என்று சொன்னார்கள். அதே வருஷத்தில் பெட்டிகளும் கைவிட்டுப் போயின. மலையடிவாரத்தில் ஒரு விவசாயிக்கு, தார் வெட்டப் பத்து நாள் இருக்கும்போது, பெட்டி கத்தக் கத்தவே பன்றி இறங்கி வயலை உழுதுபோட்டுவிட்டது. அவர் பெட்டியைச் சாக்கில் போட்டுச் சுமந்துகொண்டு வந்து, முன்னறையில் எல்லார் முன்னாலும் அண்ணாச்சியின் மேஜையில் வைத்தாராம்.

"அண்ணாச்சி, உங்க சத்தத்துக்குப் பன்னி பழகிட்டு. இனும நான் கம்பிதான் கட்டணும்."

எனக்கு இதைச் சொன்ன அண்ணாச்சியின் டிரைவர், அண்ணாச்சி அந்த விவசாயிக்குக் காப்பி கொடுக்கச் சொன்னார் என்றும், அவர் குடிக்காமல் எழுந்து போய்விட்டார் என்றும் சொன்னார். கம்பிகள் ஒவ்வொன்றாகத் திரும்ப வந்தன. சுருட்டி எடுத்த அந்த இரண்டு பேரும் திரும்பக் கட்டினார்கள். அவர்களை நான் எப்படிக் குறை சொல்ல முடியும்? அவர்கள் வயலையும் நான் பார்த்தேன். பிள்ளைகளைப் புரட்டிப் போட்ட மாதிரி மரங்கள் கிடந்தன.

நான் மகளைக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலிக்கு வந்துவிட்டேன். ஜங்ஷன் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் கவுண்டரில் நிற்கிறேன். சாமான் விற்பதும் சின்னச் சின்ன ரிப்பேரும். சில வருஷம் கழித்து ஒருநாள் அண்ணாச்சி அங்கே வந்தார். கார் இல்லை, கூட யாரும் இல்லை. பஸ்ஸில் வந்திருக்கிறார். கடையில் இருந்த வேறு யாருக்கும் அவரைத் தெரியவில்லை. உடம்பு பாதியாகியிருந்தது. கை முன்னைவிட நடுங்கியது. என்னைப் பார்த்ததும் போய்விடலாமா என்று ஒரு நொடி யோசித்தது தெரிந்தது. போகவில்லை. பையிலிருந்து ஒரு பலகையை எடுத்துக் கவுண்டர்க் கண்ணாடியின் மேல் வைத்தார்.

"இதுல ரெண்டு வயரு விட்டுப்போச்சு. பத்தவைக்கணும்."

வாங்கிப் பத்தவைத்தேன். அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பன்னிக்கா?" என்றேன்.

"இல்ல. கம்பில ஆளு பட்டாக் கரண்டு தானா நின்னு போற மாதிரி. கட்டுதவன் கட்டத்தான் செய்யுதான். கொல்லாமலாவது இருக்கட்டும்னு."

"நிக்குதா?"

"சில நேரம் நிக்குது." கொஞ்சம் பொறுத்து, "சில நேரம் மட்டும் நின்னு பிரயோசனம் இல்ல" என்றார்.

நான் பலகையைத் துடைத்துக் கொடுத்தேன். மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டினார். வேறு எதையாவது சொல்வாரா என்று நான் காத்திருந்தேன். அவரும் எதற்கோ காத்திருந்த மாதிரிதான் இருந்தது. பின்னால் வேறு ஆள் வந்து நின்றதும் பையை எடுத்துக்கொண்டு மெதுவாகப் படி இறங்கிப் போனார். அதற்குப் பிறகு நான் அவரை உயிரோடு பார்க்கவில்லை.

சாவுக்குப் போனேன். கொடி போர்த்தியிருந்தது. வயல்காரர், பழைய கட்சிக்கே திரும்பி வந்துவிட்டவர், வாசலில் நின்று வருகிறவர்களை வரிசையில் விட்டுக்கொண்டிருந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரிந்தது. "வாம்மா" என்றார். நான் உள்ளே போய் அண்ணாச்சியின் மனைவிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கொட்டகைச் சாமான்களைப் பழைய இரும்புக்குப் போட மகன் ஆள் சொல்லிவிட்டான் என்று சொன்னார்.

புரட்டாசியில், கடைக்குச் சாமான் வாங்க வரும், என் கதை தெரிந்த ஒரு எலக்ட்ரீசியன் காலையில் போன் செய்தான். அவன் ஊர் வயலில் கம்பியில் பட்டு ஒரு பெண் செத்துக் கிடக்கிறாள், புல் அறுக்கப் போனவள் என்றான். "கம்பி இருக்கா?" என்று கேட்டேன். "இன்னும் இருக்குக்கா. கரண்ட மட்டும் நிப்பாட்டிருக்காவ" என்றான். "போட்டோ எடு. எல்லாப் பக்கமும் எடு. நான் வாரேன்" என்று சொல்லிவிட்டு, முதலாளியிடம்கூடச் சொல்லாமல் பஸ் ஏறினேன்.

போய்ச் சேர்ந்தபோது ஆண்கள் கூட்டமாக நின்றார்கள். வயலுக்குச் சொந்தக்காரன் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தான். செத்தவளுடைய புருஷன் வரப்பில் உட்கார்ந்திருந்தான், கையில் அவளுடைய அரிவாள். ஒரு பெரியவர் கம்பியைச் சுருட்ட ஆரம்பித்திருந்தார். நான் போய் அந்தக் கம்பிக்குப் பக்கத்தில் நின்றேன்.

"தொடாதீங்க. போலீஸ் வரட்டும்."

"நீ யாரும்மா? எந்த ஊரு?" என்றார் அவர்.

"இந்த மாதிரிக் கம்பில என் வீட்டுக்காரவ செத்தாவ. அன்னைக்குக் கம்பிய எடுத்துட்டாவ. இதை நான் எடுக்க விட மாட்டேன்."

கூட்டத்தில் யாரோ கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். வயல்காரன் போனை வைத்துவிட்டு வந்து, பெண்பிள்ளை என்று பார்க்கிறேன் என்றான். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் புருஷன் எழுந்து வந்தான். எனக்கு அந்தப் பக்கம், கம்பியின் மறுமுனையில் போய் உட்கார்ந்தான். போலீஸ் வரும்வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தோம். வெயில் ஏறிக்கொண்டே போனது. அவள் மேல் யாரோ வாழை இலையை அறுத்து மூடினார்கள்.

கம்பியைப் போலீஸ்காரர்கள்தான் அறுத்துச் சுருட்டி எடுத்துப் போனார்கள். வழக்கு நடக்கிறது. சாட்சிகளில் நானும் ஒருத்தி. போன வாய்தாவுக்குப் போனபோது, எங்கள் ஊர்க் கூட்டாளி கோர்ட்டு வாசலில் டீக்கடைப் பக்கம் நின்றான். வேறு ஏதோ வேலையாக வந்திருக்கிறான். என்னைப் பார்த்துவிட்டு, என்னத்துக்கு மயினி இங்கன அலையுதீங்க என்று கேட்டான். சொன்னேன். எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான்.